மானோமீட்டர்: காற்றழுத்தமானியா, அழுத்த வேறுபாட்டுமானியா?

ஆலைகளில் 'டக்ட்' என்று வழங்கும் தகட்டுக் காற்றுக்குழாய்களின் உள்ளே நிலவும் அழுத்தத்தை அளக்கும் கருவி மானோமீட்டர். நூற்பாலையில் பஞ்சைப் பிரித்துத் தூய்மைப்படுத்தும் புளோரூமில் பஞ்சுக் கழிவை உறிஞ்சும் குழாயிலும், சிமென்ட் ஆலையின் தூசி வடிகட்டியிலும், வண்ணம் பூசும் கூடத்தின் புகைபோக்கியிலும் இதற்கு வேலை உண்டு. அளக்கப்படுவது காற்றின் அழுத்தம் என்பதால் சிலர் இதனைக் 'காற்றழுத்தமானி' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயர் வேறொரு கருவிக்கு உரியது. மேலும், மானோமீட்டர் செய்யும் வேலையின் சாரத்தையே அது மறைத்துவிடுகிறது.

கிரேக்க மொழியில் 'மானோஸ்' என்றால் அடர்த்தி குறைந்தது, செறிவற்றது என்று பொருள். 'மெட்ரோன்' என்றால் அளவு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பியேர் வாரிஞோன் இவ்விரண்டையும் இணைத்துச் சொல்லை ஆக்கினார். ஆகவே அதன் நேர்ப்பொருள் காற்றின் செறிவின்மையை அளப்பது என்பதே. அழுத்தம் என்ற கருத்து அச்சொல்லில் எங்கும் இல்லை, பிற்கால வழக்கில் வந்து ஏறியது. நம் 'வெப்பமானி', 'அழுத்தமானி' ஆகியவற்றில் உள்ள 'மானி'யும் 'மானோ'வும் ஒலியில் நெருங்கியிருப்பது தற்செயலானது. 'மானி' அளவைக் குறிக்கும் வடசொல்லான 'மானம்' என்பதன் வழிவந்தது. அதற்கு உறவு தேடினால் மானோமீட்டர் என்ற சொல்லின் பின்பாதியான 'மீட்டர்'தான் உறவாகும்.

காற்றழுத்தமானி என்பது பாரோமீட்டர். பழைய நூல்களும் இலங்கை வழக்கும் பாரமானி என்று சொல்வது இதனையே. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான டோரிசெல்லி அமைத்த அக்கருவியில் குழாயின் மேல்முனை மூடியிருக்கும். பாதரசத்திற்கு மேலே ஏறத்தாழ வெற்றிடம். அதனால் வளிமண்டலத்தின் முழு அழுத்தத்தையும் அது காட்டுகிறது: கடல்மட்டத்தில் திட்ட அளவாக, அழுத்தத்தின் அலகான பாஸ்கலில் 1,01,325, அதாவது 760 மில்லிமீட்டர் பாதரசம். மானோமீட்டரின் எளிய வடிவமான, நீர் ஊற்றிய 'U' வடிவ வளைகுழாயிலோ இரு முனைகளும் திறந்திருக்கும். ஒரு முனையிலிருந்து ரப்பர் குழாய் காற்றுக்குழாயின் சுவரில் உள்ள துளைக்குச் செல்ல, மறுமுனை அறையின் காற்றைப் பார்த்திருக்கும். வளிமண்டல அழுத்தம் இரு பக்கத்திற்கும் பொதுவாக இருப்பதால் கழிந்துபோய், இரு இடங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே நீர்மட்ட வித்தியாசமாக நிற்கிறது. ஆலைக் காற்றுக்குழாய்களில் அந்த வேறுபாடு பெரும்பாலும் சில பத்துகள் முதல் சில ஆயிரம் பாஸ்கல் வரைதான். லட்சத்தைக் காட்டும் கருவியின் பெயரை அறுபதைக் காட்டும் கருவிக்கு வைத்தால், படிப்பவர் எந்த அளவை எதிர்பார்ப்பார்?

இந்தச் சிறுமையே கருவியின் வடிவத்தையும் தீர்மானித்தது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் சாதாரணக் காற்றின் இயக்க அழுத்தம், அதாவது அந்த ஓட்டத்தால் எழும் அழுத்தம், ஏறத்தாழ 60 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் நீர் 9.81 பாஸ்கலுக்குச் சமம் என்பதால் அது 6 மில்லிமீட்டர் நீராகிறது. பாதரசத்தில் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. எனவே இங்கே பாதரசம் உதவாது; நிறமூட்டிய நீரையோ இலேசான எண்ணெயையோ ஊற்றுகிறார்கள். அதுவும் போதாதபோது குழாயைச் சாய்த்து, பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் வைத்தால், 6 மில்லிமீட்டர் உயரம் அளவுகோலில் 60 மில்லிமீட்டராக நீள்கிறது. சாய்வு சிறிது பிசகினாலும் அளவு பிழையாகும் என்பதால் கருவியிலேயே ஒரு ரசமட்டத்தைப் பொருத்தியிருப்பார்கள்.

அளக்கப்படும் அழுத்தங்களின் பெயர்களிலும் கவனம் தேவை. சுவரில் செங்குத்தாக இட்ட, பிசிறு நீக்கிய துளையில் கிடைப்பது 'நிலையழுத்தம்'. இதனை 'நிலையான அழுத்தம்' என்று எழுதினால் மாறாத அழுத்தம் என்று பொருள்பட்டுவிடும். உண்மையில் அது குழாயின் நீளம் நெடுகவும், ஒவ்வொரு வளைவிலும் மாறிக்கொண்டே செல்வது. காற்று வரும் திசையை நோக்கி வாய் திறந்த குழலில் கிடைப்பது 'மொத்த அழுத்தம்'. இக்குழல், 1732-இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் நீரோட்டத்தின் வேகத்தை அளந்த ஆன்ரி பீட்டோவின் பெயரைத் தாங்கியது. ஆள்பெயரான இதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, பீட்டோ குழல் என்பதே போதும். மொத்த அழுத்தத்தையும் நிலையழுத்தத்தையும் மானோமீட்டரின் இரு முனைகளிலும் இணைத்தால், இரண்டுக்கும் இடையே உள்ள 'இயக்க அழுத்தம்' நேராகவே கிடைக்கும்; காற்றின் வேகம் அதன் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதால், இயக்க அழுத்தம் நான்கு மடங்கானால் வேகம் இருமடங்குதான் ஆகும்.

விசிறியின் உறிஞ்சும் பக்கத்தில் நிலையழுத்தம் −400 பாஸ்கல் (அறைக் காற்றைவிட 400 குறைவு), இயக்க அழுத்தம் 100 பாஸ்கல் என்றால், மொத்த அழுத்தம் −300 பாஸ்கல். இயக்க அழுத்தம் ஒருபோதும் குறையெண் ஆகாது. இந்த −400-ஐ 'எதிர்அழுத்தம்' என்று எழுதும் வழக்கத்தை நான் ஏற்கமாட்டேன். ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் அழுத்தம் என்ற இன்னொரு பொருள் அச்சொல்லில் உடனே வந்து புகுந்துகொள்கிறது. 'உறிஞ்சழுத்தம்' குழப்பமற்றது.

மானோமீட்டருக்கு வெறும் 'அழுத்தமானி' பொருந்தாதா என்றால், பொருந்தும். ஆனால் கொதிகலனில் முள் சுழலும் வட்டக் கருவிக்கும் அதுவே பெயர். 'நீர்ம அழுத்தமானி' வளைகுழாய்க்குச் சரி. இப்போது கையில் எடுத்துச் செல்லும் மின்னணுக் கருவியில் நீர்மம் ஏதும் இல்லை, இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சவ்வு வளைவதைத்தான் அது அளக்கிறது. நீர்மம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு முனைகள் மட்டும் எப்போதும் இருக்கின்றன. ஆகவே 'அழுத்த வேறுபாட்டுமானி' என்பதையே பரிந்துரைப்பேன். அழுத்தத்தை அமுக்கம் என்று வழங்கும் இலங்கையில் அது 'அமுக்க வேறுபாட்டுமானி' ஆகும். தூசி வடிகட்டியின் முன்னும் பின்னும் குழாய் இணைத்து, பைகளில் தூசி அடைய அடைய உயரும் எண்ணைப் பார்க்கும் தொழிலாளிக்கு, அந்த எண் எதைச் சொல்கிறது என்பதை இப்பெயர் விளக்கிவிடும்.