ரெக்கார்டிங் வேறு, பத்திரப்பதிவு வேறு

கலிபோர்னியாவில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர் ஊரில் இருக்கும் அம்மாவிடம் ஃபோனில் "பத்திரம் பதிவாகிவிட்டது" என்றாராம். அம்மா உடனே, எந்த ஆபீஸ், சாட்சி யார், விற்றவர் நேரில் வந்தாரா, நீ கைரேகை வைத்தாயா என்று கேட்க, இவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்ல, மகனை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை. மகன் மேலும் தப்பில்லை, அம்மா மேலும் தப்பில்லை. தப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. சொத்துப் பத்திரத்தை அரசாங்க ஏட்டில் ஏற்றுவதை அமெரிக்காவில் "ரெக்கார்டிங்" என்பார்கள். மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு "பத்திரப்பதிவு" என்று எழுதுவதை எத்தனை முறைதான் பார்ப்பது?

சொல்லின் வேரைச் சட்டென்று பார்த்துவிடலாம். பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் "டீட்". பழைய ஆங்கிலத்தில் அதற்குச் செய்தது, செயல் என்று பொருள். "ரெக்கார்டு" லத்தீனிலிருந்து வந்தது, உள்ளே நெஞ்சம் என்ற பொருளுள்ள வேர் இருக்கிறது. நினைவில் நிறுத்துவது என்பது மூலப்பொருள். "கவுண்டி" மாநிலத்துக்குக் கீழே வரும் ஆட்சிப்பிரிவு. அதை அப்படியே கவுண்டி என்று விடுவதுதான் நல்லது, மாவட்டம் என்றால் கலெக்டர் ஆபீஸ்தான் நினைவுக்கு வரும். "உங்கள் செயல் பதிவு செய்யப்பட்டது" என்று இயந்திர மொழிபெயர்ப்பு தருவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

பேச வேண்டியது மனிதர்கள் யோசித்து எழுதும் இரண்டு சொற்களைப் பற்றி. ஒன்று "ஆவணப்படுத்தல்". ஆவணமாக இல்லாத ஒன்றை, ஒரு கூத்தையோ ஒரு வட்டார வழக்கையோ, ஆவணமாக்கினால் அது ஆவணப்படுத்தல். பத்திரம் ஏற்கெனவே ஆவணம்தானே, அதை இன்னும் எப்படி ஆவணப்படுத்துவது? தனித்தமிழாகத் தெரிகிறது என்பதற்காகவே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பொருள் பொருந்தாத தூய சொல்லை விட, பொருந்துகிற கலப்புச் சொல் எனக்கு மேல்.

இரண்டாவது, நான் உண்மையிலேயே சண்டை போட வேண்டிய "பத்திரப்பதிவு". தமிழ்நாட்டில் இதற்குச் சட்டப்படி ஒரு பொருள் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் முன் தாக்கல் செய்து, எழுதிக்கொடுத்தவர் ஆமாம் நான்தான் எழுதிக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு, அப்புறம் அது பதிவாகிறது. பதியாத கிரயத்தால் மனை கைமாறாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. விற்பவர் நோட்டரி முன் கையெழுத்துப் போடுகிறார், வாங்குபவர் பத்திரத்தில் பெரும்பாலும் கையெழுத்தே போடுவதில்லை, பத்திரம் முறையாக ஒப்படைக்கப்பட்டதுமே சொத்து கைமாறிவிடுகிறது. கவுண்டி ஏட்டில் ஏறாவிட்டாலும் அந்த இருவருக்கிடையே அது செல்லும். ஏட்டில் ஏற்றுவது ஊருக்குத் தெரிவிக்க. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1640-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது, காரணம் அன்றும் இதேதான்: ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்பதைத் தடுப்பது.

அந்த இரட்டை விற்பனையையே எடுத்துக்கொள்வோம், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒருவர் திங்கட்கிழமை எனக்கு விற்கிறார். புதன்கிழமை, இது எதுவும் தெரியாத உங்களுக்கும் பணம் வாங்கிக்கொண்டு விற்கிறார், நீங்கள் முந்திக்கொண்டு வியாழனன்று ஏட்டில் ஏற்றிவிடுகிறீர்கள். கலிபோர்னியாவில் வீடு உங்களுக்கு. நம் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படியோ, பின்னால் பதிந்தாலும் பத்திரம் எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே செல்லும், அதனால் நான் உரிய கெடுவுக்குள் பதிந்துவிட்டால் திங்கட்கிழமைப் பத்திரம்தான் முந்தும். இவ்வளவு வேறுபட்ட இரண்டு காரியங்களுக்கு ஒரே சொல்லா?

இன்னும் சந்தேகம் இருந்தால் மினசோட்டாவின் ஹென்னப்பின் கவுண்டியைப் பாருங்கள். அங்கே ரெக்கார்டிங், ரெஜிஸ்ட்ரேஷன் இரண்டும் அருகருகே உண்டு. சில சொத்துகளின் பத்திரங்கள் அவற்றை ஏட்டில் ஏற்றும் கவுண்டி அலுவலரான ரெக்கார்டரிடம் போகின்றன, சில சொத்துகளின் உரிமையே டோரன்ஸ் முறையில் "ரெஜிஸ்ட்ரார் ஆஃப் டைட்டில்ஸ்" என்பவரிடம் பதிவாகிறது. முதலாவதில் பத்திரத்தின் நகல் ஏட்டில் நிற்கிறது, உரிமை சரியா என்று அந்த அலுவலகம் பார்ப்பதில்லை. அதனால்தான் டைட்டில் இன்சூரன்ஸ், அதாவது உரிமையில் பின்னால் குறை தெரிந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு, வாங்குகிறார்கள். இரண்டாவதில் உரிமைக்கே அரசு சான்று தருகிறது. (நம் சார்பதிவாளரும் உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை, அது சரிதான்.) இரண்டையும் "பதிவு" என்று எழுதினால் அந்தக் கவுண்டியின் ஒரு படிவத்தைக்கூடத் தமிழில் எழுத முடியாது.

என் சொல் "பதிவேட்டில் ஏற்றுதல்". சுருக்கமாக ஏடேற்றுதல். கணக்கில் ஏற்று, பட்டாவில் பெயர் ஏற்று, அச்சேற்று என்று நாம் தினமும் சொல்வதுதான். ரெக்கார்டர் "பதிவேட்டு அலுவலர்", பதிவாளர் இல்லை. பத்திரத்தை மாற்ற வேண்டாம், அது வடசொல்தான், ஆனால் அதன் பொருளும் ஓலை மாதிரியே இலைதான்.

நண்பரின் பத்திரத்தை நான் பார்த்தேன். முதல் பக்கத்தின் வலது மேல்மூலையில் ஆவண எண்ணும் தேதியும் நேரமும் முத்திரையாக இருந்தன. கவுண்டி நகலெடுத்துக்கொண்டு மூலத்தைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறது. படியோலை அங்கே, மூல ஓலை இவர் கையில். பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலையை, சபையில் வழக்கைத் தீர்த்தது மூல ஓலை. அந்த இரண்டு சொற்களும் நம்மிடம் இத்தனை காலமாக இருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் "அசல் பிரதி", "ஒளிநகல் பிரதி" என்று எதற்குத் திணறுகிறார்கள் என்று தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கும் இப்படித்தான் சொன்னோம்: பத்திரம் எழுதி முடிந்தது, வீடு கைக்கு வந்துவிட்டது, அரசாங்க ஏட்டிலும் ஏற்றிவிட்டார்கள், மூலப்பத்திரம் வீட்டில் இருக்கிறது. "அப்போ வில்லங்கம் பார்த்தாச்சா?" என்றார். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.