நீறு பூத்த கரியும் மூடிய கூடாரமும்

ஞாயிற்றுக்கிழமை காலை. அவசர சிகிச்சைப் பிரிவில் என் இரவுப் பணி முடிய அரை மணி நேரம் இருக்கும்போது மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். முதுகலை படிக்க இங்கிலாந்து வந்த தமிழ்ப் பையன்கள். மூவருக்கும் கடுமையான தலைவலி, வாந்தி. ஒருவன் தன் பிறந்த தேதியைச் சொல்லவே திணறினான். கூட வந்த நான்காமவன் மட்டும் தெளிவாக இருந்தான். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவனுக்கு உயிர் வந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"நேத்து ராத்திரி சிக்கன் சரியா வேகலக்கா. ஃபுட் பாய்சன்னு நினைக்கிறோம்."

"நீ சாப்பிடலையா?"

"நான்தான் நிறைய சாப்பிட்டேன்."

சரி, அப்படியானால் சிக்கன் குற்றவாளி இல்லை. எங்கே படுத்தாய் என்று கேட்டேன். குறட்டை விடுகிறான் என்று அவனைத் தனியாக ஒரு சின்னக் கூடாரத்துக்குத் துரத்தியிருக்கிறார்கள். மற்ற மூவரும் பெரிய கூடாரத்தில். நடு இரவில் குளிர் தாங்காமல், சமைத்து முடித்த பார்பிக்யூ கரி அடுப்பை உள்ளே எடுத்து வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.

அவர்கள் போயிருந்தது டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் இருக்கும் கெஸ்விக் என்ற சிற்றூருக்கு. செலவைச் சுருக்குவதில் கெட்டிக்காரர்கள்தான். விண்டர்மியர் வரை ரயில், அங்கிருந்து 555 பேருந்து. 2025 முதல் இங்கிலாந்தின் பெரும்பாலான பேருந்துகளில் ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்டைத் தாண்டாது. வார இறுதி விடுதி வாடகைக்குப் பயந்து கூடாரம். சூப்பர்மார்க்கெட்டில் அலுமினியத் தட்டில் கரி நிரப்பி விற்கும் பார்பிக்யூ ஒன்று. எங்கே கோட்டைவிட்டார்கள் என்றால், படுக்கையில். கோடைக்கான மெல்லிய தூக்கப்பை, அடியில் விரிக்க ஒன்றும் இல்லை. அந்த ஊரில் ஜூலை இரவுகூடப் பத்து டிகிரிக்கு இறங்கும். இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களிலேயே மழை அதிகம் என்று பெயர் வாங்கிய சீத்வெயிட் அதே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது.

நீறு பூத்த நெருப்பு என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். மேலே சாம்பல் படிந்து, புகை அடங்கி, கரி அணைந்ததுபோல் இருக்கும். உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். போதுமான காற்று கிடைக்காமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. புகை நின்றுவிட்டது என்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. இருமலாவது வந்திருந்தால் எழுந்திருப்பார்கள். பாட்டி வீட்டுக் குமுட்டி அடுப்பு யாரையும் கொல்லவில்லையே என்று கேட்கலாம். அது இருந்தது முற்றத்தில், அல்லது ஓட்டுக்கூரைக்குக் கீழே, இடுக்கெல்லாம் காற்று. இன்றைய கூடாரம் மழைநீரே புகாதபடி பூச்சு பூசிய துணி. ஊட்டி, கொடைக்கானல் அறைகளில் கரி மூட்டிவிட்டுக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் எல்லாம் விழித்திருப்பவர்களுக்கு. தூங்குகிறவர் அப்படியே ஆழ்ந்துவிடுவார். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன்: இருபது வயதுப் பையன்கள், சனிக்கிழமை இரவு, காலையில் வாந்தி. நான்காமவன் வராமல் இருந்திருந்தால் முந்தைய இரவின் போதை என்று நானே எழுதியிருப்பேன்.

அப்புறம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் இருக்கிறது. அவர்களுக்கு மாட்டியபோது 98 காட்டியது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் இந்த விஷம் ஏறியதற்கும் அந்தச் சாதாரணக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது: ஹீமோகுளோபினில் 24 சதவீதத்தை இந்த விஷம் பிடித்திருந்தது. புகை பிடிக்காதவருக்கு இரண்டு மூன்றைத் தாண்டக் கூடாது. சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரம். கர்ப்பிணிகள் என்றால் இன்னும் கவனம் வேண்டும், தாயைவிடக் குழந்தைக்கு ஆபத்து அதிகம்.

ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. எரிவாயு அடுப்பும் அப்படியே. மழை பெய்கிறது என்று உள்ளே வைத்துச் சமைக்கக் கூடாது. கரியில் தண்ணீரை ஊற்றி, முழுக்க அணைத்து, வெளியிலேயே விட்டுவிடுங்கள். குளிருக்கு வழி வேறு. உடல் சூடு தரைக்குத்தான் அதிகம் போகும். அதனால் காசு குறைவு என்றால் முதலில் ஒரு ஃபோம் பாய் வாங்குங்கள். தலைக்குக் கம்பளிக் குல்லாய், உலர்ந்த காலுறை, மூடி இறுகிய பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் காலடியில். ஒரே கூடாரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி என்றால் காரணத்தை யோசித்துக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளியே இழுத்துவிட்டு இங்கிலாந்தின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள், கரி எரிந்ததையும் சொல்லுங்கள்.

ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயில் அடித்தாலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் குதித்தால் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுப்போம், நீச்சல் தெரிந்தவரும்தான். விழுந்துவிட்டால் உடனே நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும்.

மூவரும் அன்று மாலையே தேறினார்கள். சில வாரங்கள் கழித்தும் மறதி, தடுமாற்றம் வரலாம், வந்தால் தாமதிக்காமல் திரும்பி வாருங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம். காலை ஏழு மணிக்குப் பெரிய கூடாரத்தைத் திறந்து மூவரையும் புல்தரைக்கு இழுத்துப் போட்டவன் நான்காமவன்தான். கிளம்பும்போது கேட்டான்: "அக்கா, அப்படியே என் குறட்டைக்கும் ஏதாவது மருந்து இருக்கா?"

இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.