‘எக்கனாமிக்கலி’: சிக்கனமா, பொருளாதாரமா?

‘தண்ணீரைப் பொருளாதார ரீதியாகப் பயன்படுத்தவும்.’ மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் பிழை இது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ‘எக்கனாமிக்கலி’. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த வினை. ‘சிக்கனமாக’ என்றாலே போதும்.

குழப்பத்தின் வித்து ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அங்கே பெயரடை இரண்டு: ‘எக்கனாமிக்’ என்றால் பொருளாதாரம் சார்ந்த, ‘எக்கனாமிக்கல்’ என்றால் சிக்கனமான. வினையடையாகும்போது இரண்டும் ஒரே வடிவத்தில் வந்து விழுகின்றன. வேர் கிரேக்கம்: ‘ஒய்க்கோஸ்’ என்றால் வீடு, ‘நெமெய்ன்’ என்றால் பங்கிடுதல், நிர்வகித்தல். இரண்டும் சேர்ந்த ‘ஒய்க்கொனோமியா’ இல்ல நிர்வாகம். நாட்டின் வரவு செலவைக் குறிக்கத் தொடங்கியது பிற்பாடுதான்.

எந்தப் பொருள் என்பதை ஆங்கில வாக்கியத்தில் சொல் நிற்கும் இடம் காட்டிக்கொடுக்கும். பயன்படுத்து, வாழ், செலவிடு போன்ற வினைகளுக்குப் பின்னால் வந்தால் பெரும்பாலும் ‘சிக்கனமாக’. பெயரடைக்கு முன்னாலோ, வாக்கியத்தின் தலையில் காற்புள்ளியோடோ நின்றால் ‘பொருளாதார அளவில்’, ‘பொருளியல் நோக்கில்’. ‘ரீதி’ வடசொல், தவறில்லை, ஆனால் பல இடங்களில் ‘இல்’ உருபே போதும்: ‘பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்’. ‘பொருளாதாரமாக’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. ‘ஆக’ இங்கே ஒட்டாது.

‘எக்கனாமிக்கலி வையபிள்’ என்பதைப் ‘பொருளாதார ரீதியாகச் சாத்தியமான’ என்று எழுதுவது அலுவலக நடை. நம்மிடம் இதற்கென்றே ‘கட்டுப்படியாகும்’ என்ற சொல் இருக்கிறது. ‘இந்த விலைக்கு விற்றால் கட்டுப்படியாகாது’ என்றால் போட்ட செலவு தேறாது என்பது யாருக்கும் புரியும்.

சிக்கனத்துக்கு இணையாகச் ‘செட்டாக’ என்பதும் பொருந்தும், ‘கஞ்சத்தனமாக’ பொருந்தாது. சிக்கனக்காரர் தேவைக்குச் செலவிடுவார், வீணாக்கமாட்டார். கருமி தேவைக்கே செலவிடமாட்டார். ஆங்கிலச் சொல்லில் அந்தப் பழிப்பு இல்லை.

பணமே இல்லாத இடத்திலும் இச்சொல் வரும். ஒருவர் ‘எக்கனாமிக்கலி’ எழுதுகிறார் என்றால் சொற்செட்டோடு எழுதுகிறார். நெடுந்தொலைவு ஓடுபவர் அப்படி ஓடுகிறார் என்றால், கையை வீசி வலுவை வீணாக்காமல் ஓடுகிறார். இங்கே ‘சிக்கனமாக ஓடுகிறார்’ என்று எழுதினால் வாசகர் ஒரு கணம் திகைப்பார்.