நாக்கைக் கேட்டு உப்பை அளக்காதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். பிரஷருக்கு ஏற்கெனவே இரண்டு மாத்திரை. மூன்றாவதை எழுதுவதற்கு முன் சாப்பாட்டையும் பார்த்துவிடலாம் என்று மருத்துவர் என்னிடம் அனுப்பியிருந்தார். "நான் உப்பு ரொம்பக் கம்மிங்க. வாயில வச்சா உப்பே தெரியாது" என்றார். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, அதில் உப்பிலுள்ள சோடியம் எவ்வளவு என்று பார்த்ததில், ஒரு நாளைக்கு 12 கிராம் உப்பு உள்ளே போயிருப்பது தெரிந்தது. நாம் சாப்பிடும் சோடியத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில்தான் வெளியேறுகிறது என்பதால், இந்தப் பரிசோதனையை ஏமாற்றுவது கஷ்டம். அவர் பொய் சொல்லவும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

உணவு ஆலோசனை சொல்லும் எங்களுக்கு 'நான் உப்பு கம்மிங்க' என்ற இந்த வசனம் மனப்பாடம். உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிகூட இல்லை. உலகச் சராசரியோ 10 கிராமைத் தாண்டுகிறது. இரண்டு மடங்கு சாப்பிடுகிற இத்தனை பேரில் யாருக்காவது சாப்பாடு கரிக்கிறதா? கரித்தால்தான் உப்பு அதிகம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள்.

உப்புக்குக் கரிப்பதைத் தவிர வேறு வேலைகளும் உண்டு. இரண்டு கோப்பைகளில் சர்க்கரை போடாத கடுங்காப்பி எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் உப்பை இரண்டு விரலால் கிள்ளி, அதிலும் பாதியைப் போட்டுக் கலக்குங்கள். அது கரிக்காது, ஆனால் கசப்பு மட்டுப்பட்டிருக்கும். பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரண்டு சுவை ஆய்வாளர்கள் 1997இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் சேர்ந்ததும் கசப்பு அடங்கியது. அதற்கு அடியில் அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வந்தது. தக்காளியில் உப்பைத் தூவினால் இனிப்பாகத் தெரிவதும், உப்பு குறைந்தால் எல்லாமே சப்பென்று இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் கேக்கிலும் உப்பு இப்படித்தான் தலைகாட்டாமல் வேலை செய்கிறது. பேக்கிங் சோடா இன்னும் மோசம். அதிலும் சோடியம்தான், ஆனால் யாரும் அதை உப்புக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அப்புறம் பழக்கம். எந்த அளவைத் தினமும் கொடுக்கிறோமோ அதையே நாக்கு 'சரியான உப்பு' என்று எடுத்துக்கொள்ளும். வயதானால் சுவை மங்கும். சில மருந்துகள் வாயை உலர்த்தும். புகைபிடிப்பவர்களுக்கும் மந்தமாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் "உப்பு பத்தலையே" என்று சொன்னதும் பானை முழுவதற்கும் உப்பைப் போட்டால், அது குழந்தைகள் தட்டுக்கும் போகிறது. தயவுசெய்து ஒருவர் நாக்குக்காக வீடு முழுவதற்கும் உப்பு போடாதீர்கள்.

இந்துப்பு ஆசாமிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இளஞ்சிவப்போ கறுப்போ சாம்பலோ, கடலில் எடுத்ததோ மலையில் வெட்டியதோ, எல்லாம் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். அந்தச் சிவப்பு, கொஞ்சம் இரும்புத் துருவின் நிறம். அதிலுள்ள தாதுக்களைப் பட்டியல் போட்டுக் காட்டுகிறார்கள்; தூசியளவு இருப்பதை வைத்து யாருக்கும் சத்துக் குறைபாடு தீராது. பருமணல் போலிருக்கும் உப்பு ஒரு கரண்டிக்கு எடை குறைவாக நிற்கும், அதனால் 'உப்பு பத்தவில்லை' என்று தோன்றும். உடனே இன்னும் அரைக் கரண்டி. "இது நல்ல உப்பு, கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை" என்ற சமாதானம் வேறு. பரவாயில்லை என்று விட முடியாது! அயோடின் சேர்த்த உப்பை நிறுத்திவிட்டு இதற்கு மாறினால் அயோடினும் போய்விடும்.

சரி, குறைப்பது எப்படி? ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் உப்புக் குப்பி மேசைக்குத் திரும்பி வந்துவிடும், பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் நாக்கு தானே இறங்கிவரும். பழைய அளவில் சமைத்ததைச் சாப்பிட்டால் அப்போது கரிக்கும். எலுமிச்சையோ வேறு புளிப்போ கடைசியில் சேர்த்தால் உப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். சமையலில் கரைந்த உப்பைவிட மேலே தூவிய தூள் உப்பு நாக்கில் சட்டென்று படும். அதனால் அடுப்பில் குறைத்துப் போட்டு, இறக்கியபின் துளி தூவலாம். இரண்டு இடத்திலும் தாராளமாகப் போட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். பொட்டலத்தில் சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள்: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. தண்ணீரில் போட்டால் பொங்கும் வலி மாத்திரைகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்; சிலவற்றில் ஒரு மாத்திரைக்கே 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கிறது. மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர்களே இதை மறந்துவிடுவதுண்டு.

வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ளவர்களும், சிறுநீர் பிரிய மாத்திரை எடுக்கும் முதியவர்களும் தாமாக உப்பை அடியோடு நிறுத்த வேண்டாம். இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து குழப்பத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்களும் உண்டு.

கடைசியாக, 'சோடியம் குறைந்த உப்பு'. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. பலருக்கு அது நல்ல மாற்று: சீனாவில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. லேசான கசப்பு தட்டும், பழகிவிடும். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில பிரஷர், இதய மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். ஆகவே வாங்கியதைப் பிரிக்காமல், உங்கள் மாத்திரைகளோடு சேர்த்து ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் சரி என்ற பிறகு பிரிக்கலாம்.