‘ஏக்வீஸ்’, ‘வீஸ் ஏக்’: புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்

போன வாரம் ஒரு அம்மா போனை நீட்டினார். "டீச்சர், இதப் பாத்தீங்களா? ரெண்டாம் வகுப்புக் கணக்கையே கெடுத்துட்டாங்களாம்." மராத்திப் பாடநூல் பக்கம் ஒன்றின் அதே பழைய படம். பள்ளி திறந்தால் யாராவது எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். மும்பையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். இந்த முறை பொறுமை போய்விட்டது.

நடந்தது 2019 ஜூனில். மகாராஷ்டிரத்தின் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, மராத்தியில் 21-ஐ வழக்கமான ‘ஏக்வீஸ்’ என்பதோடு ‘வீஸ் ஏக்’ என்றும் படிக்கலாம் என்று இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் காட்டியது. ‘வீஸ்’ என்றால் இருபது, ‘ஏக்’ என்றால் ஒன்று. அப்போது எதிர்க்கட்சியில் இருந்த அஜித் பவார், முதல்வர் ஃபட்னாவிஸின் பெயரிலும் ‘வீஸ்’ இருக்கிறதே, அதையும் பிரித்துப் படிப்பதா என்று சட்டமன்றத்தில் கேலி செய்தார். மராத்தியை அழிக்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. பாடநூலின் கணிதக் குழுத் தலைவர் மங்களா நார்ளிகர், கணிதம் கற்றுத் தேர்ந்தவர். இரண்டு முறையும் புத்தகத்தில் இருக்கின்றன, தென்னிந்திய மொழிகளில் இப்படித்தான் படிக்கிறார்கள் என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று.

எனக்கு அதிகம் கோபம் வருவது ‘கணக்கை மாற்றிவிட்டார்கள்’ என்ற பேச்சில்தான். எண் வேறு, எண்ணின் பெயர் வேறு. எப்படிப் படித்தாலும் 21 என்பது இரண்டு பத்தும் ஓர் ஒன்றும். கூட்டல் மாறாது, வாய்ப்பாடு மாறாது, கடையில் வாங்கும் சில்லறையும் மாறாது. மாறுவது காதில் விழும் வரிசை மட்டும்.

ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த வரிசைதான் சிக்கல். 25-க்கு மராத்தியில் ‘பஞ்ச்வீஸ்’. ஐந்து முதலில் காதில் விழுகிறது, கை 5-ஐ முதலில் எழுதுகிறது, நோட்டில் 52 நிற்கிறது. 29 ‘ஏகோண்தீஸ்’, அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. முப்பது காதில் விழுந்ததும் பிள்ளை 3 போட்டுவிடும். கணக்குத் தெரியாததால் வரும் தப்பு இல்லை இது.

இதைச் சொன்னதும் ‘தமிழ்தான் உசத்தி’ என்று கிளம்பாதீர்கள். இருபத்தைந்து வரிசையாக வருகிறது, சரி. தொண்ணூறில் ‘நூறு’ எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளும் கேட்கத்தான் செய்கிறார்கள்.

நார்வேயில் நாடாளுமன்றமே முடிவெடுத்து, 1951 ஜூலை 1 முதல் பத்துகளை முன்னால் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. பழையபடி சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மொழி அழியவில்லை.

எதிர்த்தவர்களின் கவலையில் ஒன்று மட்டும் நியாயம். சந்தையில் 63-ஐ ‘த்ரேசஷ்ட்’ என்றுதான் சொல்வார்கள். ‘சாட் தீன்’ (அறுபது மூன்று) மட்டும் தெரிந்த பிள்ளை அங்கே விழிக்கும். அதனால் இரண்டையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். புத்தகமும் அதைத்தானே செய்தது!

ஒரு பக்கத்தின் படம் வந்தால் உடனே அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பால்பாரதி தளத்தில் புத்தகம் முழுசாக, இலவசமாகக் கிடைக்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் படியுங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு புத்தகத்தையோ டீச்சரையோ திட்டாதீர்கள். மறுநாள் அது வகுப்பில் கேட்பதை நிறுத்திவிடும். அப்புறம், வீட்டில் ஐந்து எண்களை வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். விடையைப் பார்க்காதீர்கள், எந்த இலக்கத்தைக் கை முதலில் எழுதுகிறது என்று பாருங்கள்.

அந்த அம்மாவின் பையன் என் முன்னால் ‘பஞ்ச்வீஸ்’ஸுக்கு 52 எழுதினான். அவர் கை ஓங்கிவிட்டார். வேண்டாம்மா, தயவுசெய்து அடிக்காதீர்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டு இரண்டும் உதிரிக் குச்சி ஐந்தும் அவன் கையில் கொடுத்தேன். எண்ணினான். 52-ஐ அவனே அழித்தான்.