குடியை விடுகிறேன் என்று ஆலயத்தில் சொன்னவருக்கு மறுநாள் யார் துணை?

கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த சில நாட்களில், கடலூரில் மனநல மருத்துவம் பார்க்கும் என்னிடம் ஒருவகை நோயாளிகள் கூடுதலாக வருவார்கள். பலரைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்துவிட்டு, தவக்காலம் நாற்பது நாளும் தொடமாட்டேன் என்று ஒரே இரவில் நிறுத்தியவர்கள் அவர்கள். வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு ஆகஸ்டு இறுதியில் காவியுடையில் நடக்கத் தொடங்குபவர்களிடமும், எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீரோடு கை உயர்த்தியவர்களிடமும் இதே நிலையைப் பார்க்கிறேன். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் பிறகு அவர் உடலுக்குள் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு போதகரும், கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஒவ்வொரு அன்பியத்தின் தலைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நாள்தோறும் அதிகம் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், குமட்டும், தூக்கம் வராது. முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். பேராபத்தான கட்டம் பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வருகிறது. காய்ச்சல் அடிக்கும், நாடி வேகமாகத் துடிக்கும், இடமும் நேரமும் குழம்பும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஒருவரோடு பேசுவார். சிகிச்சை இல்லாமல் விட்டால் இந்த நிலையில் உயிர் போகலாம்.

இதைப் பிசாசின் பிடி என்று நினைத்துவிடுகிறார்கள். கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவரை, அப்படி இரண்டு நாள் ஓர் அறையில் வைத்து இரவெல்லாம் ஜெபித்திருந்தார்கள். கூடவே உபவாசம். தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. ஜெபித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அவர்களில் பாதிப்பேர் தூங்காமல் கண் சிவந்து நின்றார்கள். ஆனால் வெகுநாள் குடித்தவர் உடலில் தயமின் என்கிற பி1 வைட்டமின் ஏற்கெனவே வற்றிப்போயிருக்கும். பட்டினி அதை இன்னும் குறைக்கும். சோர்ந்து கிடக்கிறாரே என்று பக்கத்துத் தெருவில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினாலும் ஆபத்துதான்: தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றும்போது மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். குடியை நிறுத்துபவருக்காகச் சபையார் உபவாசம் இருக்கட்டும். அவரை உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள்.

ஒருவர் விடுகிறேன் என்று சொன்ன அன்றே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? அந்த நடுக்கத்தை நிறுத்தவே காலையில் குடிக்க வேண்டியிருக்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரி பக்கம் என்றால் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனைக்கோ அன்றைக்கே அழைத்துப் போங்கள். பெரும்பாலானோருக்கு ஒரு வாரத்துக்குள் மருந்தோடு பாதுகாப்பாக இந்தக் கட்டம் கடந்துவிடும். கட்டிலருகே நின்று ஜெபிக்க நான் ஒருநாளும் தடை சொன்னதில்லை.

அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு வருவதைத்தான் என்னால் செய்ய முடியாது. திருச்சபையால் முடியும். இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காயங்கட்டிச் சத்திரத்தில் சேர்த்ததோடு போய்விடவில்லை. மறுநாள் இரண்டு பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் திரும்பி வருதல் நம் சபைகளில் குறைவாக இருக்கிறது.

குடியை விட்ட கடலூர்க்காரருக்கு ஆபத்தான நேரம் மாலை ஐந்திலிருந்து எட்டு. சம்பளம் கைக்கு வரும் சனிக்கிழமை இன்னும் மோசம். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரிச் சரக்கு, விலையும் குறைவு. கன்னியக்கோவில் வழியாக வேலைக்குப் போய்வரும் ஒருவர் தினமும் அந்தக் கடைகளைக் கடந்துதான் வீடு சேர வேண்டும். அவரோடு அதே பஸ்ஸில் வர ஒரு சபை நண்பர் இருந்தால் அதுவே ஊழியம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். விசைப்படகில் போகிறவருக்குக் கடலும் இல்லை, வருமானமும் இல்லை, பகல் முழுவதும் வெறுமை. தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களில் அந்த இரண்டு மாதத்துக்கான திட்டத்தைச் சபை மார்ச்சிலேயே போட வேண்டும்: வலை பழுது பார்க்க ஒரு கூடம், மாலையில் கைப்பந்து, எதுவானாலும் சரி.

புதிய குழு தொடங்கத் தேவையில்லை. ஏழைகளுக்கு உதவ 1833இல் பாரிஸில் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பால் சபையின் அடிப்படை வேலையே வீடு தேடிப் போவது. பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன. லுத்தரன் சபைகளிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் பெண்கள் சங்கங்கள் இருக்கின்றன. அரிசி மூட்டையோடு மாதம் ஒருமுறை போவதைவிட, வெறுங்கையோடு வாரம் இருமுறை போய் உட்கார்ந்து பேசுவது அதிகப் பலன் தருவதை நான் பார்க்கிறேன்.

குடிப்பவரின் மனைவியைத் தனியாகச் சந்தியுங்கள். அடிபட்டு வரும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள் அம்மா, ஆண்டவர் அவரை மாற்றுவார்" என்று சொல்லி அனுப்புவது பாவம் என்றே நினைக்கிறேன். 181 என்கிற பெண்கள் உதவி எண்ணை அவர் கையில் எழுதிக் கொடுங்கள். கணவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையைச் சாப்பாட்டில் கலப்பதும் நடக்கிறது. அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழலாம். அது அவர் சம்மதத்தோடு மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து.

இன்னொன்றைச் சபை ஐயர்மாரிடம், அதாவது போதகர்களிடம், மன்றாடிக் கேட்கிறேன். இரண்டு மாதம் குடிக்காமல் இருந்தவரை மைக் முன் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். குடிநோயில் மறுபடி சறுக்குவது சாதாரணம். சபை முழுவதும் கைதட்டிய பிறகு சறுக்கியவர் முதலில் நிறுத்துவது ஆலயத்துக்கு வருவதைத்தான். கூடவே மாத்திரையும் நின்றுபோகும். ஓராண்டாவது அவரைப் பாடற்குழுவில் பின்வரிசையில் அமைதியாகப் பாட விடுங்கள். வராத ஞாயிறு அன்றே ஒருவர் அவர் வீட்டுக்குப் போகட்டும், எங்கே போனாய் என்று கேட்காமல் சாப்பிட்டாயா என்று கேட்கட்டும்.

நற்கருணையில் கிண்ணம் கொடுக்கும் சபைகள், அதில் இருப்பது புளித்த திராட்சரசமா வெறும் சாறா என்பதைக் குடிநோயிலிருந்து மீள்பவருக்கு முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிட வேண்டும். டைசல்பிராம் எடுப்பவருக்கு ஒரு மிடறு ரசமே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கப் போதும். பல சபைகள் ஏற்கெனவே சாறுதான் தருகின்றன. தராத சபைகள், கேட்கக் கூச்சப்படும் அந்த ஒருவருக்காக எல்லோருக்குமே மாற்றிவிடலாம். மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446. இரண்டையும் ஆலய அறிவிப்புப் பலகையில், ஆராதனை நேரங்களுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.