பிட்கொயினில் வாங்குபவரைப் பற்றிக் கடைக்காரருக்கு என்னவெல்லாம் தெரியும்?

கனடாவில் ஸ்காபறோவில் ஒருவர் இணையக் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பனங்கட்டி, ஒடியல் மா, பனாட்டு எல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்து எடுப்பித்து விற்கிறார். கடையின் இணையத்தளத்தைச் செய்துகொடுத்தது இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அறை எடுத்து வேலை செய்யும் இரண்டு பெடியள். "பிட்கொயினும் எடுப்பம்" என்று முதலாளி சொல்ல, அவர்கள் ஒரு வொலட்டின் (பிட்கொயினை வைத்துச் செலவழிக்கும் செயலியின்) முகவரியைக் கியூஆர் கோட் ஆக்கித் தளத்தில் போட்டுவிடுகிறார்கள். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் அந்தக் கடையில் வாங்குகிறவர்களின் காசு விவரம் வெளியே போகுமா போகாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இடம்தான், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பிட்கொயின் என்ற இணையக் காசின் பரிமாற்றங்கள் எல்லாம் எழுதப்படும் பதிவேடு எல்லோருக்கும் திறந்தது. அதில் பெயர் இருக்காது, ஆனால் எந்த முகவரியில் இருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு, எப்போது என்பது முழுக்க இருக்கும், அழியவும் அழியாது. 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வந்த முதல் கட்டுரையிலேயே, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதுச் சாவிச் சோடி (முகவரியை உருவாக்கும் பொதுச் சாவியும், காசைச் செலவழிக்கும் இரகசியச் சாவியும்) பயன்படுத்துங்கள் என்ற அறிவுரை இருக்கிறது. ஒரே முகவரியைத் தளத்தில் ஒட்டிவைத்தால் கடைக்கு வந்த எல்லாப் பணமும் ஒரே வரிசையில் நிற்கும். பக்கத்துக் கடைக்காரர்கூட ஒருநாள் வியாபாரத்தைக் கூட்டிப் பார்க்கலாம்.

வாங்குகிறவருக்கு வரும் ஆபத்து இதைவிட ஆழமானது. வொலட்டில் இருப்பது ஒரே தொகை மாதிரித் தெரிந்தாலும், உண்மையில் அது முன்பு வந்துசேர்ந்த துண்டு துண்டான தொகைகள்தான். 1800 ரூபாய்ச் சாமானுக்கு 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சக்காசு வருவதுபோல, ஒரு துண்டைச் செலவழித்தால் அது முழுசாகப் போய், மிச்சம் புது முகவரி ஒன்றில் திரும்பி வரும். ஒரு துண்டு போதாவிட்டால் வொலட் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டும். அப்படிச் சேர்ந்து போனவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்று பார்ப்பவர் ஊகிக்கலாம், பெரும்பாலும் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். 2013இல் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாங்களே பல கடைகளிலும் சேவைகளிலும் பிட்கொயினில் பணம் கட்டி, இந்த வழியிலேயே முகவரிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, எது யாருடையது என்று பெரிய அளவில் அடையாளம் காட்டினார்கள்.

இப்போது கடைக்காரரின் பக்கம் வாருங்கள். அவரிடம் வாங்கியவரின் பெயர், போன் நம்பர், பொதி போகவேண்டிய விலாசம் மூன்றும் இருக்கின்றன. கொக்குவிலில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு அனுப்பச் சொல்லியிருந்தால் அவர்களுடைய விலாசமும் இருக்கும். வந்த பணத்தைப் பின்னோக்கித் தேடினால் அது எங்கே இருந்து வந்தது என்று தெரியும், மிச்சக்காசைத் தொடர்ந்து போனால் இன்னும் எவ்வளவு கையில் இருக்கிறது என்றும் ஓரளவு தெரியும். வெளிநாட்டுக் காசு எந்த வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்பதை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பது நம்முடைய ஊரில் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு கிலோ ஒடியல் மா வாங்கியதற்காக அந்தத் தகவல் கடையில் வேலை செய்யும் யாருடைய கைக்கும் போகக்கூடாது.

கடைக்காரர் நல்லவராகவே இருந்தாலும் போதாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் பிட்கொயின் எடுக்கும் 130 இணையக் கடைகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது 53 கடைகள் பணம் கட்டும் விவரத்தை விளம்பர, கண்காணிப்பு நிறுவனங்கள் போன்ற வெளியாருக்குக் கசியவிட்டது தெரியவந்தது. சில இடங்களில் முகவரியே போயிருக்கிறது. போகாவிட்டாலும் விலையும் நேரமும் போதும். அந்த நேரத்து மாற்று விகிதத்தில் டொலரைப் பிட்கொயினாக மாற்றி, அந்தத் தொகை பதிவேட்டில் எங்கே இருக்கிறது என்று தேடினால் ஆள் அகப்படலாம். தளங்கள் உலாவியில் சேமித்துவைக்கும் குக்கி என்ற சின்னக் குறிப்போடு மின்னஞ்சலும் சேர்ந்திருந்தால் பெயரே கிடைத்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒவ்வொரு பில்லுக்கும் புது முகவரி. 2012இல் வந்த படிநிலை வொலட் முறையில் ஒரு பொதுச் சாவியை மட்டும் சேர்வரில் வைத்தாலே எண்ணற்ற புது முகவரிகளை உருவாக்கலாம், இரகசியச் சாவி அங்கே இருக்கவே தேவையில்லை, ஆக சேர்வரை உடைத்து உள்ளே வந்தவராலும் ஏற்கனவே வந்துசேர்ந்த காசை எடுக்க முடியாது. ஆனால் அந்தப் பொதுச் சாவி வெளியே போனால் கடையின் முழு வரவும் தெரிந்துவிடும், அதையும் பூட்டித்தான் வைக்கவேண்டும். பிரிசிபே சேர்வர் (BTCPay Server) என்ற இலவச மென்பொருள் 2017 முதல் இதைச் செய்கிறது. சொந்தக் கணினியில் ஓட்டலாம், இடைத்தரகர் வேண்டாம். அப்புறம் பணம் கட்டும் பக்கத்தில் இருக்கும் விளம்பர, பகுப்பாய்வு நிரல்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், இதில் பேரம் பேச இடமில்லை. பொதி போய்ச் சேர்ந்து, திருப்பியனுப்பும் காலமும் முடிந்தால், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கணக்கைத் தவிர விலாசத்தை அழித்துவிடலாம்.

பேஜொயின் என்று ஒரு முறை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. வாங்குகிறவரோடு கடைக்காரரும் தன்னுடைய துண்டு ஒன்றை அதே பரிமாற்றத்தில் சேர்க்கிறார். சேர்ந்து போனவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்ற ஊகமே அங்கே பொய்யாகிவிடுகிறது, தொகையும் பதிவேட்டில் நேராகத் தெரியாது. வெளியில் இருந்து பார்ப்பவருக்குச் சாதாரணப் பரிமாற்றம் போலவே இருக்கும்.

சின்னத் தொகைக்கு, ஒவ்வொரு கொடுப்பனவையும் பதிவேட்டில் எழுதாமல் பிட்கொயினை அனுப்பும் லைட்னிங் வலையமைப்பு நல்லது. வாங்குகிறவரின் வொலட்டே பாதையைத் தெரிவுசெய்து செய்தியைப் பல உறைகளாகச் சுற்றி அனுப்புகிறது, நடுவில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் தனக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் மட்டும் தெரியும், கடைக்கு அனுப்பியவர் யார் என்று அந்தப் பரிமாற்றத்தில் இருந்து தெரியவராது. பணம் பெறுபவருக்கு அதே அளவு மறைப்பு இல்லை, ஆனால் நாம் இங்கே கவலைப்படுவது வாங்குகிறவரைப் பற்றித்தானே.

இலங்கையில் பிட்கொயின் சட்டபூர்வ நாணயம் இல்லை, மத்திய வங்கி பலமுறை எச்சரித்தும் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அடையாள அட்டை காட்டி வாங்கிய துண்டையும் வேறு வழியில் வந்த துண்டையும் ஒரே பில்லுக்குச் சேர்த்துக் கட்டாதீர்கள். நல்ல வொலட்களில் எந்தத் துண்டு போகவேண்டும் என்று நீங்களே தெரிவுசெய்யலாம், பில்லுக்குக் கிட்டத்தட்டச் சமமான சின்னத் துண்டைத் தெரிவுசெய்தால் மிச்சக்காசும் சிறியதாகவே இருக்கும், உங்களிடம் இருக்கும் பெரிய தொகை அந்தக் கடையின் கண்ணில் படாது.